பதினேழாம் கேள்விக்கு ஒரு கற்பனைப் பெண்

ஜனவரி 8

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், மொட்டை மாடியில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, அது வலிக்குமா?" முப்பத்தொரு வருடம் ஆகியும் அந்தக் கேள்வி அப்படியே காதில் இருக்கிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதுதான் மறந்துபோயிற்று. ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன், நீயும் உன் கடிகாரக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? துருப்பிடித்த கடிகாரத்தைக்கூட மூச்சை அடக்கிக்கொண்டு பிரிப்பாரே, இன்னும் அப்படித்தானா? எனக்கு வலது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காதும் மந்தமாகிக்கொண்டே போகிறது. போனில் நீ பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. கடிதம்தான் நமக்குச் சரி.

ஓய்வு பெற்று நாலு வருடம் சும்மா இருந்தவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சுகாதாரத் துறையில் ஒரு கணக்கெடுப்பு. நோயாளிகளை அல்ல, சாதாரண ஜனங்களைக் கேட்கிறார்கள்: வாழ்க்கை எப்படிப் போகிறது, தூக்கம் எப்படி, தாம்பத்தியம் எப்படி என்று இருபத்திநாலு கேள்விகள். அதில் பதினேழாவதைப் படித்ததும்தான் உன் பழைய கேள்வி ஞாபகம் வந்தது. அதை நடத்துகிற டாக்டரம்மா எழுதியது யாருக்கும் புரியவில்லை. வீட்டில் பேசுகிற தமிழில் மாற்றிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்கப்போவது எட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நர்சம்மா சொல்கிறார்: "கேள்வியைக் கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயைத் தொறக்கக் கூடாது. ஆறு வரைக்கும் வர்றது ஒப்புக்குச் சொல்றது. எட்டுக்கு மேலதான் நெஜம் வரும்." எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. நாலு எண்ணுவதற்குள் விடையை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். முப்பத்தைந்து வருட வாத்தியார் புத்தி.

உன்னிடம் ஓர் உதவி. பயிற்சிக்கு நிரப்பிய தாள் ஒன்று வேண்டும். வெற்றுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி எழுதாதே. 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்வோமே, அதுபோல ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு அவள் பதில் சொல்வதுபோல் நிரப்பு. பெயர் வேண்டாம்.

உன் அக்கா

*

ஜனவரி 29

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குக் கொஞ்சம் இருமல், அதனால் முன்னறையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். கடையில் வேலை தலைக்கு மேல். பள்ளிச் சீருடை ஐம்பது உருப்படி வந்து கிடக்கிறது.

டீச்சரம்மா வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்யாமல் முடியுமா? செய்துவிட்டேன். ஆனால் 'உங்கள் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை?' என்ற முதல் கேள்வியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. தையல்காரியைக் கேள். இடுப்பில் டேப்பைச் சுற்றினதும் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "முப்பத்திநாலுதானே வருது?" என்பார்கள். நான் வாயால் "ஆமா" என்று சொல்லிவிட்டு நோட்டில் முப்பத்தாறு என்று எழுதுவேன். அப்போதுதான் அவர்களால் அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியும். உங்கள் எட்டுப் பெண்களுக்கு அந்த இரண்டு அங்குலம் தெரியுமா?

தாளை இதோடு வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பத்தைந்து. என்னைவிட ஒரு வயது குறைத்துவிட்டேன், கற்பனைதானே.

மாடியில் என்ன கேட்டேன், நீ என்ன சொன்னாய் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

சிட்டு

*

பிப்ரவரி 12

அன்புள்ள சிட்டு,

கடிகாரக்காரரின் இருமல் தேவலையா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. மின்விசிறி போட்டால் தாள்கள் பறக்கின்றன, நிறுத்தினால் நாங்கள் வேகிறோம். தாள்மேல் வைக்க ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்திருக்கிறார்கள்.

உன் தாளைப் படித்து அசந்துபோனேன். எவ்வளவு உயிரோடு எழுதியிருக்கிறாய்! பழக்க தோஷத்தில் சிவப்பு மையை எடுத்துப் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டேன். பதினேழாம் கேள்விதான் பிரமாதம். 'உறவின்போதோ பிறகோ வலியோ ரத்தப்போக்கோ உண்டா?' என்பதற்கு, 'உண்டு. தீட்டு நின்று மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் ரத்தம் படுகிறது, இப்போது ஒன்றரை வருடமாக' என்று எழுதியிருக்கிறாய். அடுத்ததில், 'வெளிர் நிறத்தில் உடுத்துவதில்லை' என்கிறாய். இதையெல்லாம் எங்கிருந்து பிடித்தாய்? கடைக்கு வருகிற யாராவதா? ஒரு மதிப்பெண் குறைத்தது, பத்தொன்பதாம் கேள்வியை நீ காலியாக விட்டதற்கு: 'இதை யாரிடமாவது சொன்னதுண்டா?' அதை மட்டும் நிரப்பி எழுது. பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு உன் தாளை இதோடு திருப்பி அனுப்புகிறேன். திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வெள்ளோட்டமாக நான்கு தெருக்களில் கேட்டுப் பார்த்தோம். ஒரு பெரியவர் பதினோராம் கேள்வியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேண்டாம் தாயி. இதுக்கும் கணக்குக் குடுத்தா நாளைக்கு இதுக்கும் வரி போட்டுருவாங்க." இன்னொரு அம்மா எதைக் கேட்டாலும் "அவரைக் கேளுங்க" என்கிறார். "உங்க முட்டி வலிக்குதாம்மா?" "அவரைக் கேளுங்க."

உன் அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

நலம்தான். நீயும் அப்படித்தானே?

திருத்திய தாள் வந்தது. ஒன்பது மார்க் வாங்கி முப்பத்தைந்து நாற்பது வருடம் இருக்கும்.

பத்தொன்பதாம் கேள்விக்கு, 'யாரிடமும் இல்லை' என்று போட்டுக்கொள்.

வேறு விசேஷம் இல்லை. மிஷினில் உட்காருவதைப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் விட்டுவிட்டு வெட்டும் மேசையை நான் எடுத்துக்கொண்டேன். அது நின்றபடி செய்கிற வேலை.

சிட்டு

*

மார்ச் 15

அன்புள்ள சிட்டு,

வழக்கமான விசாரிப்பையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் நேற்று நடந்ததைக் கேள்.

பயிற்சி வகுப்பில் உன் தாளை எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். கற்பனைத் தாளாக இருந்தாலும் ஒரு நிஜம் எப்படித் தெரிகிறது பாருங்கள் என்று பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த நர்சம்மா கூழாங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

"டீச்சர், இந்தம்மா யாரு?"

"கற்பனைம்மா. என் தங்கை எழுதினது."

"கற்பனைன்னா சரி. நெஜம்னா இந்நேரம் இவங்க ஆஸ்பத்திரியில இருக்கணும். தீட்டு நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அப்படியே விடக் கூடாது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும். இவங்க ஒன்றரை வருஷம்ங்கறாங்க."

நான் அவசரமாக, "கற்பனைதாம்மா, கற்பனைதான்" என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

சிட்டு, அது கற்பனைதானே? ஒரு வரி போதும். இன்றே எழுது.

முன்னறையில் அவர் இன்னும் இருமுகிறாரா?

உன் அக்கா

*

ஏப்ரல் 4

சிட்டு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

இருபது நாளாகிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் நிற்கிறேன். "உங்களுக்கு ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சொல்லிச் சொல்லி அவரே சங்கடப்பட்டு, இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

திங்கட்கிழமை கடைக்குப் போன் செய்தேன். கடிகாரக்காரர்தான் எடுத்தார். "அவ உடம்பு எப்படி இருக்கு?" என்று கத்தினேன். அவர் ஏதோ சொன்னார். பொத்தான் என்று காதில் விழுந்தது. நீ பொத்தான் வாங்கப் போயிருக்கிறாயாம். எந்த விஷயத்தைக் கத்திக் கேட்பது? தெருவே கேட்கும். வைத்துவிட்டேன்.

பிரதியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இந்த முறை பேனா இல்லாமல் படித்தேன். தொழில் என்ற இடத்தில், 'உட்கார்ந்து செய்வது. இப்போது முடிவதில்லை' என்று இருக்கிறது. உன் மார்ச் மாதக் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். வெட்டும் மேசை. முன்னறைப் பாய். ஒரு குழந்தை காய்ச்சலோடு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்த டீச்சர் நான்.

எழுதக் கஷ்டமாக இருந்தால் எழுத வேண்டாம். தபால்தலை ஒட்டி, விலாசம் எழுதி ஓர் அட்டை வைத்திருக்கிறேன். மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். ஒன்றில் டிக் அடித்துப் போட்டுவிடு.

அந்தப் பெண் நீதானா?
ஆமாம் ☐
இல்லை ☐
பதில் சொல்ல விருப்பமில்லை ☐

அக்கா

*

ஏப்ரல் 13

(அட்டை)

மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். நீயே போட்டுக் கொடுத்ததுதானே.

கடையில் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சிட்டு

*

ஏப்ரல் 16

என் சிட்டு,

அட்டை இன்று காலை வந்தது. பதிலை மத்தியானத் தபாலில் சேர்க்கிறேன்.

மூன்றாவது கட்டம் எங்கள் தாள்களில் கேள்விக்குக் கேள்வி இருக்க வேண்டும் என்பது விதி. யாரையும் வற்புறுத்தக் கூடாது. மூன்று மாதமாக அதையே எழுதி எழுதி, உனக்குப் போட்ட அட்டையிலும் கை தானாகப் போட்டுவிட்டது. கணக்கெடுப்பில் அது உன் உரிமை. ஆனால் நான் கணக்கெடுக்க வந்தவள் இல்லையடி. உன் அக்கா.

இனிக் கேட்கப்போவதில்லை. நானே சொல்கிறேன். இதோடு இன்னொரு தாள் இருக்கிறது. இருபத்திநாலு கேள்விக்கும் பதில் எழுதியிருக்கிறேன். கற்பனை இல்லை. உன் அத்தான் இருந்த காலத்துக்கானது. பன்னிரண்டாம் கேள்வி, 'விருப்பமில்லாதபோது மறுக்க முடிந்ததா?' அதற்கு, 'மறுத்ததில்லை. தலைவலி என்று சொன்னதுண்டு, வாரத்துக்கு இரண்டு தலைவலி' என்று எழுதியிருக்கிறேன். பாவம், மனிதர் எனக்காகக் கண் டாக்டரிடம் எல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தார். பதினேழுக்கு, 'வலி உண்டு. சின்னவன் பிறந்த பிறகு இரண்டு வருடம்.' பத்தொன்பதுக்கு, 'யாரிடமும் இல்லை.' கடைசியில் நாற்காலியில் உட்கார முடியாமல் போனபோதுதான் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஆறாத தையல். பத்து நாள் களிம்பில் சரியானது. பத்து நாளில் தீர வேண்டியதை இரண்டு வருடம் சுமந்தேன். பள்ளிக்கூடத்தில் 'தெரியாததைக் கேள்' என்று தினமும் சொல்லிக்கொண்டே.

இதை எழுதும்போது காது மடல் சுட்டது. எழுதிவிட்டேன். செத்துப்போகவில்லை.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. அதனால் அந்த வரி இல்லாமலே எழுதுகிறேன்.

ஆமாம். நான்தான்.

நீ கற்பனை என்று சொன்னதால்தான் என்னால் எழுத முடிந்தது. படித்ததும் அக்கா கண்டுபிடித்துவிடுவாள், அடுத்த தபாலில் திட்டி எழுதுவாள் என்று காத்திருந்தேன். நீ மார்க் போட்டு அனுப்பினாய். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் சிரித்தேன்.

மாடியில் நீ சொன்னது ஞாபகம் இல்லை என்று எழுதினேனே, அது பொய். ஈரப் போர்வையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும். இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்லிட்டு நிக்காதே." உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நான் நல்ல மாணவி, அவ்வளவுதான். வலி வந்தபோது பழகிவிடும் என்றிருந்தேன். ரத்தம் வந்தபோதும் அப்படியே இருந்தேன்.

அவருக்கு இருமல் எல்லாம் ஒன்றும் இல்லை. ஒருநாள் விரிப்பில் கறையைப் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பாயை முன்னறைக்கு எடுத்துப் போய்விட்டார். அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன். நானும் கேட்கவில்லை.

உன் தாளை இரண்டு வாரம் அலமாரியில் வைத்து வைத்து எடுத்துப் படித்தேன். வாரத்துக்கு இரண்டு தலைவலி! போன செவ்வாய்க்கிழமை நீ மார்க் போட்ட என் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா, "என்னம்மா பண்ணுது?" என்றார். தாளை நீட்டிவிட்டேன். கடைசிவரை படித்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது."

"ஒன்பது மார்க் யாரு போட்டது?"

"எங்க அக்கா. வாத்தியார்."

சிரிக்காமல், "மீதி ஒரு மார்க்கை இப்ப நான் போடறேன், மேல ஏறிப் படுங்க" என்றார். உள்ளிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம்.

வீட்டுக்கு வந்து அதே தாளை அவரிடம் கொடுத்தேன். கடிகாரம் பார்க்கிற கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் இருபத்திநாலையும் படித்தார். அப்புறம், "நான்தான் உனக்கு ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சேன். கிட்ட வந்தாலே பயமா இருந்துது" என்றார். தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இருபத்திரெண்டு தப்பு" என்றார். இருபத்திரெண்டு, துணையோடு நெருக்கம் பத்துக்கு எத்தனை என்பது. நான் ஒன்று போட்டிருந்தேன். "கையைப் புடிச்சிட்டு உக்காந்திருந்தா அதுக்கு மார்க் கிடையாதா?" என்று கேட்டார். உங்கள் டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

சிட்டு

*

மே 14

சிட்டு,

உன் கடிதத்தைப் படித்தேன். வழக்கம்போல் நாலு எண்ணுவதற்குள் பேனாவை எடுத்துவிட்டேன். கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

ஒரே ஒரு திருத்தம். முப்பத்தொரு வருடம் தாமதம். வலித்தால் பழகக் கூடாது. சொல்ல வேண்டும். நான் சொன்ன பதில் தப்பு. சிவப்பு மையில் எழுதுகிறேன், பார்.

மற்றதை நீ சொல். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. புத்துதான். ஆரம்பத்தில் இருக்கிறதாம். கருப்பையை எடுத்துவிட்டால் அநேகமாகப் போதும், ஆனால் உள்ளே பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்கிறார்கள். இருபத்தி நாலாம் தேதி ஆபரேஷன். இன்னும் ஆறு மாதம் பேசாமல் இருந்திருந்தால் வேறு கதை என்றார் டாக்டரம்மா.

அவர் ஒன்றுமே நடக்காததுபோல் நடமாடுகிறார். எப்போது கேட்டாலும், "நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்கென்ன" என்கிறார். நேற்று ஒரு சின்ன கைக்கடிகாரத்தை மூன்று தரம் பிரித்து மூன்று தரம் பூட்டினார். வீட்டில் இருக்கிற எல்லாக் கடிகாரங்களும் ஒரே நொடியில் ஓடுகின்றன. பாய் மட்டும் உள்ளே வந்துவிட்டது.

நீ வருவாயா?

சிட்டு

*

ஜூன் 9

என் சிட்டுவுக்கு,

இருபத்தி ஒன்றாம் தேதி காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். ஒரு மாத விடுப்பு கேட்டேன். நர்சம்மா, "ரெண்டு மாசம் எடுத்துக்குங்க டீச்சர்" என்றார். எனக்கும் பயம்தான். முழங்கால், காது என்று நான் வழக்கமாகச் சொல்கிற பட்டியலில் முதல் இடத்தில் இப்போது அதுதான். மறைக்கவில்லை.

இருபத்திரெண்டாம் கேள்வியை டாக்டரம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கடிகாரக்காரர் சொல்றது சரிதான்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். 'நெருக்கம் என்பதில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சேரும்.' அடுத்த மாதம் ஆறாயிரம் வீட்டில் அதைக் கேட்கப்போகிறார்கள். அவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

நீ சொன்ன அந்த இரண்டு அங்குலம் எங்கள் பெண்களுக்கு இப்போது தெரியும். "நல்லா இருக்கேன்" என்று யாராவது சொன்னால், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்கிறாரா என்று பார்க்கிறார்கள். இத்தனை வருடம் நம் கடிதங்களின் முதல் வரியும் அப்படித்தான் இருந்தது. கேள்வியையும் நானே எழுதி, விடையையும் உனக்கு நானே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதுவரை உனக்கு ஒரு வேலை. இது கிடைத்த மறுநாள் காலையில், அவர் கடையைத் திறக்கப் போவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேள். நல்லாத்தான் இருக்கேன் என்பார். அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் பத்து வரை எண்ணு.